பொய் சொல்லாத அக்காவிடமிருந்து, ஹோம் ரன் அடித்த தம்பிக்கு

என் அன்ரன், எங்கள் வீட்டுக் கடைக்குட்டியே,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருடம். பூசைக்குச் சொல்லியாயிற்று. கோயில் வாசலில் கொடுக்கிற நினைவு மலருக்கு அட்டையில் எந்தப் படம் போடுவது என்று அம்மாவுக்கும் என் வீட்டுக்காரரான உன் அத்தானுக்கும் இரண்டு நாளாக இழுபறி. அம்மாவுக்கு நீ தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த படம் வேண்டும். அத்தானுக்கு நீ மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற படம் வேண்டும். கடைசியில் என்னைக் கேட்டார்கள். எந்தப் படம் என்றாலும் போடுங்கள், உள்ளே நாலு பக்கம் எனக்கு விடுங்கள் என்றேன்.

போன வருடம் முப்பத்தோராம் நாள் மலரில் நான் ஒன்றும் எழுதவில்லை. ரொறன்ரோ மாமா உன் ஆட்டத்தைப் பற்றி எழுதினார். கோயில் மாதர் சங்கத்திலிருந்து என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தார்கள், சோதனை வந்தபோதும் உண்மையை விட்டுக்கொடுக்காத அக்கா என்று. அச்சுக்குப் போக முன்னமே நான் அதைப் பார்த்துவிட்டேன். வெட்டச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயோ? நீ கேட்கமாட்டாய். நீ ஒருநாளும் கேட்டதில்லை.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் மற்றவர்களும் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் உனக்கே சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்.

நாங்கள் இந்தப் பிரெஞ்சு நகரத்துக்கு வரும்போது உனக்கு மூன்று வயது, எனக்குப் பன்னிரண்டு. அப்பா இல்லை. அம்மா வெளிச்சம் வரமுன்னமே கந்தோர்கள், அலுவலகங்கள் துடைக்கப் போய்விடுவா. உன்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது, கூட்டிக்கொண்டு வருவது, பல்லு வைத்தியரிடம் காட்டுவது, ஊசி போடக் கொண்டுபோவது எல்லாம் நான். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற கடதாசிகளில் பெற்றோர் கையெழுத்து வைக்கிற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினதும் நான்தான். ஆசிரியைமார் அதை ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருந்த புறநகர் சென் தெனிக்கு அப்பால் இருக்கிற பெரிய பூங்காவில் எங்கள் பெடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள். உன்னையும் சேர்த்தார்கள். நீ எந்தப் பந்து வந்தாலும் தூக்கித்தான் அடிப்பாய். பிடி கொடுத்துவிட்டு வருவாய். அணித்தலைவர் ஏசுவார், "நிலத்தோடை அடியடா" என்று. உனக்கு அது ஏறாது. ஒருநாள் நீ அடித்த பந்து மரங்களைத் தாண்டி அடுத்த மைதானத்தில் விழுந்தது. எடுக்கப் போன நீ திரும்பி வரவில்லை. அங்கே பிரெஞ்சுக்காரர் பேஸ்போல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். உன்னைத் தேடி நான் போக, பத்ரிஸ் என்ற பயிற்சியாளர் உன் கையில் ஒரு உருண்டை மட்டையைத் தந்து பந்து எறிந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அக்கா, இஞ்சை தூக்கி அடிச்சா ஏசுகினம். அங்கை தூக்கி அடிச்சா கை தட்டுகினம்."

பேஸ்போல் எங்கள் சனத்துக்கு இன்னும் சரியாக விளங்காது. பந்து நிலத்தில் குத்தாமல் நேரே வரும். அதை வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன், எங்கள் சிக்ஸர் மாதிரி. ஆனால் அது லேசில் வராது. நல்ல ஆட்டக்காரனுக்கே பல நாளைக்கு ஒருதரம்தான் வரும். உனக்கு அடிக்கடி வந்தது. பதினெட்டு வயதில் அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து உன்னைப் பார்த்தார்கள். அம்மா பயந்தா. நான்தான் போகட்டும் என்றேன்.

முதல் ஏழு வருடம் உன்னை யாருக்கும் தெரியாது. சின்ன ஊர்கள், சின்ன அணிகள், நாள் முழுக்க பஸ். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, சாப்பாடெல்லாம் இனிக்குது அக்கா என்பாய். பிறகு ஒருநாள் ரொறன்ரோ மாமா கூப்பிட்டு, உன்ரை தம்பியை ரீவியிலை காட்டுறாங்கள் என்றார். பெரிய அணி உன்னை எடுத்துவிட்டது. மரியநாயகம் என்ற அப்பாவின் பெயர் உன் சட்டை முதுகில் ஒரு அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரைக்கும் வளைந்து கிடந்தது. அதை வாசிக்கத் தெரியாமல் வர்ணனையாளர்கள் பட்ட பாட்டை மாமா போனிலேயே செய்து காட்டினார்.

உன் அணி ரொறன்ரோவில் விளையாட வந்தபோது அம்மாவும் நானும் போனோம். நீ மட்டையோடு வருகிற நேரமெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு செபமாலை உருட்டினா. இரண்டு தரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தரம் கதவொன்றை அடித்துச் சாத்தின மாதிரி ஒரு சத்தம். சுற்றியிருந்த தமிழ்ச் சனம் முழுக்க எழும்பிவிட்டது. நான் பந்தைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். யாருக்கோ இடைஞ்சல் கொடுத்துவிட்ட ஆள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல மெல்லச் சுற்றி வந்தாய்.

என்னடி நடந்தது என்று அம்மா கண்ணைத் திறக்காமல் கேட்டா. அடிச்சிட்டான் அம்மா என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் சனத்தின் கடைத்தெரு, லாச்சப்பல், உன்னைக் கண்டுபிடித்தது. அதற்கு முதல் வருடம் அங்கே ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறவர், தம்பி எந்த நாட்டுக்குக் கிரிக்கெட் விளையாடுறார் என்று கேட்டவர். அடுத்த வருடம் அவரே கடைக் கண்ணாடியில் உன் படத்தை ஒட்டினார். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர். என்றாலும் இந்துக் கோயில் தேரன்று ரூ பஜோல் தெருவில் தண்ணீர்ப் பந்தல் போட்டவர்கள் உன் படத்தைப் பெரிதாக அடித்துக் கட்டியிருந்தார்கள். சனம் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தது.

எனக்கும் அது பிடித்திருந்தது, அன்ரன். அதை மறைத்தால் மிச்சத்தைச் சொல்லிப் பிரயோசனமில்லை. நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கழுவித் துடைத்துப் படுக்கை மாற்றுகிறவள். எத்தனையோ வருடம் வேலை செய்தும் ஒரு வைத்தியரும் என் பெயரைக் கேட்டதில்லை. ஒருநாள் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த வைத்தியர் ஒருவர் என் சட்டையிலிருந்த பெயரை வாசித்து, அவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார். தம்பி என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று முழுக்க நான் நிமிர்ந்து நடந்தேன்.

இனித்தான் நான் யாருக்கும் சொல்லாதது.

உனக்கு முப்பது வயதானபோது தோள் பழுதாகிவிட்டது. அந்தப் பருவம் முழுக்க உன் மட்டை ஓய்ந்து கிடந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. உன் இடத்துக்கு வயது குறைந்த ஒருவனைப் பார்க்கிறார்கள் என்று மாமா சொன்னார். ஒவ்வொரு வருடத்தையும்போல பருவம் முடிய எங்கள் வீட்டுக்கு வந்தாய். அந்த முறை கதைக்கவேயில்லை. காலையில் ஓடப் போவாய், வந்து அறைக்கதவைச் சாத்துவாய்.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை, பிரிட்ஜைத் துடைக்க எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். மேல்தட்டின் பின்பக்கம் ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டி. மூடியைத் திறந்தேன். சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள், ஊசிகள். அந்த மருந்தின் பெயர் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் சிறுபிள்ளைகள் பிரிவில் வேலை செய்திருக்கிறேன். வளர்த்தி இல்லாத பிள்ளைகளுக்குப் போடுகிற மருந்து அது.

முப்பது வயது ஆளுக்கு அது எதற்கு என்று விளங்கிக்கொள்ள நான் வைத்தியராக இருக்கத் தேவையில்லை. மூடியை மூடினேன். தட்டைத் துடைத்தேன். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன். பிறகு, அத்தானின் கண்ணில் அது படாமல் இருக்க, அதற்கு முன்னால் தயிர்ச் சட்டியை வைத்தேன்.

அந்தத் தயிர்ச் சட்டியைத்தான் நான் இத்தனை வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன். கண்டது ஒன்று. மறைத்து வைத்தது வேறொன்று, இல்லையோ?

அடுத்த நாள் நீ பிரிட்ஜைத் திறந்தாய். சட்டி அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அது தோள் நோவுக்கு," என்றாய்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே," என்றேன்.

நீ கொஞ்ச நேரம் நின்றாய். நான் கேட்கவேண்டும் என்று நின்றாயோ? இன்றைக்கும் எனக்கு அது தெரியாது. உன்னைப் பல்லுக் காட்டக் கொண்டுபோனவள் நான். உன் கையில் ஒரு சிராய்ப்பு என்றாலும் எங்கே விழுந்தாய் என்று துருவித் துருவிக் கேட்டவள் நான். அன்று கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். சொன்னால் நிறுத்து என்று சொல்லவேண்டி வரும். நீ நிறுத்தினால் அந்தப் படமெல்லாம் கண்ணாடியிலிருந்து இறங்கிவிடும்.

அடுத்த பருவம் உன் வாழ்க்கையிலேயே பெரிய பருவம். மாமா ஒவ்வொரு நாளும் கூப்பிட்டார். அணியிலேயே நீதான் கூட அடித்தாய். பத்ரிஸ் தன் கழகத்துப் பிள்ளைகளுக்கு உன் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். நான் ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் கை தட்டினேன்.

பருவம் முடியமுன்னமே ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டாய். செய்தி வந்த மூன்றாம் நாள் எங்கள் வாசலில் நின்றாய். ஒரு சின்னப் பைதான் கொண்டுவந்திருந்தாய். மழை பெய்த மத்தியானம். அத்தானும் வீட்டில் இருந்தார். சாப்பிடு என்றேன், தேத்தண்ணி போதும் என்றாய். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய். தெரியாமல் உடம்புக்குள் போனது என்று காட்டினால் தண்டனையைக் குறைக்கலாம் என்று வழக்கறிஞர் சொன்னாராம்.

"அக்கா, நான் கேக்கிறது பிழை எண்டு தெரியும். ஒரு கடிதம் தாங்கோ. குளிர் காலத்திலை தோள் நோவுக்கு நீங்கள்தான் ஊசி கொண்டந்து தந்தது, என்ன மருந்தெண்டு எனக்குத் தெரியாது எண்டு."

அத்தான் உடனே, இவளின்ரை வேலை போயிடும், வழக்கும் வரும், பிள்ளை வளருது என்றார். அவர் சொன்னது சரி. அப்படியொரு கடிதம் நான் எழுதியிருக்க முடியாது. அதற்காக நான் இன்றைக்கும் வருந்தவில்லை. வேலை போயிடும் தம்பி, என்னாலை ஏலாது என்று சொல்லியிருந்தால் போதும். நான் அதோடு நிற்கவில்லை.

"நான் பொய் சொல்ல மாட்டன், அன்ரன். என்ரை வாழ்க்கையிலை நான் ஒருதருக்கும் பொய் சொன்னதில்லை."

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. அத்தானுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தயிர்ச் சட்டி என்று சொல்லியிருந்தாலே நான் நொறுங்கியிருப்பேன். சரி அக்கா என்றாய். தேத்தண்ணிக் கோப்பையை நீயே கழுவிக் கவிழ்த்து வைத்தாய். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அத்தான் அதைப் பெருமையாகத்தான் வெளியில் சொன்னார். கோயிலில் கதை பரவியது. கூடப்பிறந்தவன் வந்து கேட்டும் பொய் சொல்ல மறுத்தவள் என்று என்னைக் கண்டவர்கள் என் கையைப் பிடித்தார்கள். அம்மா மட்டும் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. கதைத்தபோது ஒன்றுதான் சொன்னா. "அவனுக்கு நீ கையெழுத்து வைக்காத கடதாசி இல்லை. இதுக்கு மட்டும் உனக்குக் கை வரேல்லையோ?"

ஒரு வருடத் தடை. அது முடியும்போது உனக்கு முப்பத்திரண்டு வயது. தோளும் போய், பெயரும் போய், ஒரு அணியும் உன்னை எடுக்கவில்லை. திரும்பி வந்து சென் தெனியில் எங்கள் ஆள் ஒருவரின் மொத்தக் கடையில் அரிசி மூட்டையும் மீன் பெட்டியும் இறக்குகிற வேலைக்குச் சேர்ந்தாய். நகைக்கடைக் கண்ணாடியில் உன் படம் இருந்த இடத்தில் தங்க விலைப் பலகை வந்தது. சில பேர் உன்னைக் கண்டால் மட்டை பிடிக்கிற மாதிரிக் கையைக் காட்டிச் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய்.

புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் அரை நாள். மத்தியானத்துக்குப் பிறகு நீ பத்ரிஸின் கழகத்தில் பிள்ளைகளுக்குப் பழக்கினாய். பத்ரிஸ் அவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னபிறகுதான் உன்னைச் சேர்த்தாராம். முதல்நாள் நீயே அவர்கள் முன்னால் நின்று, நான் எடுத்தேன், யாரும் எனக்குத் தரவில்லை, நானே தேடி எடுத்தேன் என்றாயாம். இதை எனக்குப் பத்ரிஸ் சொன்னது நீ போனபிறகு. யாரும் தரவில்லை, யாருக்கும் தெரியாது என்று இரண்டு தரம் சொன்னாயாம்.

நாலு வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டாய். ஒருநாள் உன் வான் வண்டியில் என்னைக் கொண்டுவந்து விடும்போது, அன்ரன், அந்தக் குளிர் காலம் என்று தொடங்கினேன். நீ கண்ணாடியைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொண்டே, லியாவுக்குப் பள்ளிக்கூடம் எத்தினை மணிக்கு விடும் என்று கேட்டாய். நாலரைக்கு என்றேன். அதற்குப் பிறகு நான் தொடங்கவில்லை. நீ விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ?

பிறகு அந்தக் காலை. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நீ, கொஞ்சம் இருந்திட்டு வாறன் என்று மூட்டைமேல் இருந்தாயாம். பிறகு எழும்பவில்லை. உனக்கு முப்பத்தாறு வயது.

உன்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஒரு இளம் வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் இருக்கவேண்டிய அளவைவிடப் பெரிதாகியிருக்கிறது என்றார். பரம்பரையாக வருகிறதாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, உங்கள் தம்பி எப்போதாவது மருந்துகள் ஏதும் எடுத்தவரா என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அவருக்கு உன்னை யார் என்று தெரியாது. பேஸ்போல் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அதைத்தான் எழுதப்போகிறார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

நீ அடுத்த அறையில் கிடந்தாய், தம்பி. இனி உன்னைக் காப்பாற்றவும் ஒன்றுமில்லை, உன் பெயரைக் காப்பாற்றவும் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் வாயில் அதுதான் வந்தது.

அப்படியென்றால் பரம்பரையாக வந்ததா என்று பார்க்கவேண்டும், உங்களையும் உங்கள் பிள்ளையையும் சோதிக்கவேண்டும் என்றார் வைத்தியர். என் மகள் லியாவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட அணியில் கைப்பந்து ஆடுகிறவள் என்று உனக்குத் தெரியும். சோதனை முடியும்வரை ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். ஐந்து கிழமை அவள் படிக்கட்டில்கூட ஒவ்வொரு படியாக, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஏறினாள். மாமாவுக்கு வந்தது எனக்கும் வருமா என்று பிரெஞ்சில் கேட்பாள். வராது என்று நான் தமிழில் சொல்வேன். எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் அவளுக்குச் சோறு போட்டேன்.

சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அவள் அழுதாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி, இன்னும் எத்தனை பேரை இதற்குள் இழுக்கப்போகிறேன் என்று யோசித்தேன்.

முதலில் எங்கள் பங்குச் சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் கேட்டுவிட்டு மன்னிப்புத் தந்தார், செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆனால் அவர் அந்தக் கூண்டுக்குள் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. வெளியில் சனம் இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்தபிறகு, அம்மாவையும் அத்தானையும் லியாவையும் எழும்பவேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ்கிறீம் பெட்டி, தயிர்ச் சட்டி, வைத்தியர். லியா நான் சொல்லி முடிக்கும்வரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அந்த ஐந்து கிழமையும் உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று பிரெஞ்சில் கேட்டாள். ஓம் என்றேன். எழும்பிப் போய்விட்டாள். இப்போது காலை வணக்கம் சொல்கிறாள், இரவு வணக்கம் சொல்கிறாள். நடுவில் ஒன்றுமில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.

அத்தான் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, நான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கொண்டு திரிஞ்சனே என்றார். அவருக்கு என்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இதை மலரில் எழுதத்தான் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்காமல் அச்சகத்துக்குப் போன் எடுத்து நாலு பக்கம் கூடப் போடச் சொன்னார்.

அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். எல்லாம் கேட்டதோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அடுத்த நாள் காலை நான் தலை வாரிவிடும்போது கேட்டா.

"நீ கண்டது அவனுக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா."

"பின்னை ஏன் அவன் வாய் திறக்கேல்லை?"

அதற்கு நான் என்ன சொல்வது? நீயே சொல். என்னில் பாசம் என்று சொல்ல ஆசை. ஆனால் என்னைக் கேட்டுப் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டாயோ என்றும் நினைக்கிறேன். பிள்ளையாய் இருக்கும்போது உனக்கு ஏதும் என்றால் நான் கேட்பேன் என்று நம்பியிருந்தாய். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தோடு அந்த நம்பிக்கை போயிருக்கும். அம்மாவின் தலையைப் பின்னி முடித்தேன். அவ திரும்பி என் கன்னத்தைத் தொட்டா. மன்னித்தாவோ, பாவம் என்று நினைத்தாவோ, தெரியாது. அவ அதைப்பற்றி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அன்ரன், நீ எடுத்தது பிழைதான். அதை நீ எல்லோர் முன்னாலும் நின்று சொன்னாய். உன் பங்கை நீ சொல்லி முடித்துவிட்டாய். சொல்லாமல் கிடந்தது என் பங்குதான். நான் கேட்டிருந்தால் நீ நிறுத்தியிருப்பாயா, இன்றைக்கு இருந்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. அந்த வைத்தியருக்கும் தெரியாது. அவருக்கு நேற்று எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உன் ஆஸ்பத்திரிக் கடதாசிகளில் சரியான காரணத்தைத் தேடுவதற்கு இடம் இருக்கட்டும்.

பத்ரிஸ் கூப்பிட்டிருக்கிறார். பூசைக்கு அடுத்த புதன்கிழமை கழகத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் உன்னை நினைத்துக் கூடுகிறார்களாம். குடும்பத்திலிருந்து யாராவது இரண்டு வார்த்தை பேசினால் நல்லது என்றார். முன்பென்றால் மாமாவைப் பேச விட்டிருப்பேன்.

நான் பேசுவேன். என் பிரெஞ்சு உனக்குத் தெரியும், தடக்குப்படும், இடையில் தமிழ் வரும். பரவாயில்லை. யாருக்கும் தெரியாது என்று நீ அவர்களுக்குச் சொன்னாயே, அது மட்டும்தான் நீ அவர்களுக்குச் சொன்ன பொய். அதை நான் திருத்துவேன். ஒரு ஆளுக்குத் தெரியும், அது நான்தான், உங்கள் வீட்டில் ஏதும் கண்டால் அன்றைக்கே கேளுங்கள் என்று அந்தத் தாய் தகப்பன்மாரிடம் சொல்வேன். அவர்கள் முகத்தைத் திருப்பினாலும் முழுக்கச் சொல்லி முடிக்காமல் அந்த மைதானத்தை விட்டு வரமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு, தம்பி.

நீ காட்டிக்கொடுக்காத
உன் அக்கா
ஜெசிந்தா